கடலையும் பாத்திட்டுப் போங்க

யாருக்காவது சுகமில்லை என்று கேள்விப்பட்டால் என் மாமியின் முகம் மலர்ந்துவிடும். இப்படி எழுதினால் அவரைத் தெரியாதவர்கள் தப்பாக நினைப்பார்கள், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எல்லா நோயாளிக்கும் அவர் முகம் மலர்ந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வண்ணாத்திவில்லிலேயே ஒருவர் காய்ச்சலில் கிடந்தால் மாமி கஞ்சி காய்ச்சி அனுப்புவார், துஆ கேட்பார், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டார். நோயாளி கடலோரத்தில் இருந்தால்தான் கதை வேறு.

“அல்லாஹ்வே” என்று நெஞ்சில் கை வைப்பார். அடுத்த மூச்சில், “எந்த ஊருல?” என்று கேட்பார். மாம்புரி, ஆலங்குடா, உடப்பு, சிலாபம் என்று ஏதாவது பதில் வந்தால் கை நெஞ்சிலேயே இருக்கும், கண் மட்டும் முற்றத்தில் நிற்கும் வேனைத் தேடும். அது என் வாப்பா சந்தைக்குப் பப்பாசி ஏற்றும் வேன். மாமி வாப்பாவின் ராத்தா, கூடப் பிறந்த அக்கா. இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே கிணறு. சுற்றிலும் மாமாவின் கஜு மரங்கள். எந்தப் பக்கம் நடந்தாலும் செம்மண்தான் வரும், கடல் வராது.

மாமி மன்னார்ப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். அவருக்குக் கடல் என்றால் உயிர். புத்தளம் டவுனுக்குப் போனால் களப்பு, அந்தப் பெரிய உப்புநீர் ஏரி, இருக்கிறதே என்று யாராவது சொன்னால், “அது கால் கழுவுற தண்ணி” என்று முடித்துவிடுவார். ஆனால் சும்மா கடல் பார்க்கப் போகவும் மாட்டார். வீட்டை விட்டு இறங்க ஒரு காரணம் வேண்டும். பொய்க் காரணமும் ஆகாது, ஏனென்றால் மாமி பொய் சொல்லமாட்டார். பெருநாள் சட்டை எப்படியிருக்கிறது என்று அவரிடம் கேட்டுவிட்டு அழுதவர்கள் எங்கள் குடும்பத்தில் பலர். ஆகவே உண்மையான நோயாளி வேண்டும், அவர் கடலுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், புறப்படும்போது நிய்யத்து, மனதில் வைக்கும் எண்ணம், நோயாளிமேல் இருக்கவேண்டும். மற்றதெல்லாம் வழியில் கிடைப்பது.

இதனால் யுத்தம் முடிந்த பிறகு வந்த விடுமுறைகளில் நாங்கள் பிள்ளைகள் எங்கள் மாவட்டத்துக் கரையோரத்தை வருத்தங்களால்தான், அதாவது நோய்களால்தான், படித்தோம். மாம்புரி என்றால் மூட்டுவலி. உடப்பு என்றால் கண். சிலாபம் என்றால் பித்தப்பையில் கல். ஆலங்குடா என்றால் மாமியின் சினேகிதி, அகதி முகாமில் அடுத்த கொட்டிலில் இருந்தவர். அவருக்கு மட்டும் உடம்பின் எந்தப் பாகத்திலும் எந்த வருத்தமும் வரலாம். விடுமுறையை எப்படிக் கழித்தீர்கள் என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னபோது, ‘நாங்கள் குடும்பத்தோடு மாம்புரிக்கு மூட்டுவலி பார்க்கப் போனோம், மிகவும் சந்தோஷமாக இருந்தது’ என்று எழுதிவிட்டேன். டீச்சர் வாப்பாவை அழைத்துவரச் சொன்னார்.

வேனில் இரண்டு பைகள் ஏறும். ஒன்று நோயாளியின் பை. அதில் மோல்ட் டின், முந்திரிகை என்று நாங்கள் சொல்லும் திராட்சைக் குலை, பிஸ்கட், மாமி கையால் வறுத்த கஜு. மற்றதற்கு மாமா ‘கிடக்கட்டும் பை’ என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பையைத் தூக்கி ஏற்றும் ஒவ்வொரு முறையும் அவர் விசாரணை நடத்துவார்.

“நோயாளிக்கு என்னத்துக்கு பந்து?”

“கிடக்கட்டும்.”

“ஆளுக்கு ரெண்டு துவாய்?”

“கிடக்கட்டும்.”

“ஒரு சட்டி பொரிச்ச மீன்?”

“வருத்தக்கார வீட்டுல அடுப்பு மூட்டச் சொல்ல ஏலுமா? நீங்க பேசாம ஏறுங்க.”

யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். மாமிக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் சேர்த்து ஒரே வசனம். “லெடெக் பலன்ன யனவா.” நோயாளியைப் பார்க்கப் போகிறோம். சாவடிகளைத் தூக்கிய பிறகும் சீருடையில் யாராவது வீதியோரம் நின்றால், கேட்காமலே கண்ணாடியை இறக்கி இதைச் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரு முறை பாலாவிச் சந்தியில் சைக்கிளோடு நின்ற தபால்காரருக்கும் சொன்னார். அவர் பாவம், தலையாட்டி வழிவிட்டார்.

நோயாளி வீட்டுக்குள் நுழைந்ததும் கடல் என்ற சொல் எங்களுக்கு ஹராம். வரிசையாக உட்காரவேண்டும், சிரிக்கக்கூடாது, யன்னலால் எட்டிப் பார்க்கக்கூடாது. கடலைப் பற்றிய பேச்சை அந்த வீட்டுக்காரர்தான் எடுக்கவேண்டும். ‘வந்தது வந்திட்டீங்க, கடலையும் பாத்திட்டுப் போங்க’ என்று அவர்கள் சொல்வார்கள். மாமி, சேச்சே என்று மறுப்பார். அவர்கள் மறுபடி சொல்வார்கள். மாமி மறுபடி மறுப்பார். மூன்றாவது முறை சொன்னால், “சரி, புள்ளையளுக்காக” என்று எழும்புவார். இந்த ஒழுங்கு ஒரு நாளும் மாறவில்லை. அவர் இரண்டாவது முறை மறுக்கும்போதே நாங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

மாம்புரியில் ஒரே ஒரு முறை சிக்கல் வந்தது. மூட்டுவலிக்காரர் மாமாவின் ஒன்றுவிட்ட நானா, அண்ணன் முறை. தென்னந்தோட்டத்துக்கு நடுவில் வீடு. தோட்டத்துக்கு அப்பால் கடல் இரைவது கட்டிலடிக்கே கேட்டது. அவருடைய மனைவி நல்ல மனுசி, ஆனால் சொல்லவேண்டிய வசனத்தை மறந்துவிட்டார். தேத்தண்ணீர் வந்தது, வாழைப்பழம் வந்தது, மறுபடியும் தேத்தண்ணீர் வந்தது. என் தம்பி பையை உற்றுப் பார்த்தபடி அழத் தயாராக இருந்தான். மாமி நெளிந்து உட்கார்ந்தார்.

“நல்ல காத்து,” என்றார்.

“ஓம் மச்சி, எங்களுக்கு ஃபேன் தேவப்படுறதே இல்ல,” என்று மச்சி முறை வைத்துச் சொன்னார் அந்த மனைவி.

“எந்தப் பக்கத்தால வருது?”

“கடல் பக்கத்தால.”

“கடல் கிட்டயோ?”

“இந்தா, தோட்டத்துக்கு அங்கால.”

“அப்பிடியா,” என்று மாமி காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. “அப்ப இந்த இரைச்சலும் கடலோ?”

“ஓம் மச்சி, ராவு பகலா இதே சத்தம்தான். நித்திரையே இல்ல.”

மாமா வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைசியில் கட்டிலிலிருந்த நானாதான் காப்பாற்றினார். “புள்ள, இவங்களக் கடலுக்குக் கூட்டிப் போ. எனக்கு நோகுறது கால், காது இல்ல. இவ்வளவு நேரமா மச்சி என்ன கேக்குறா எண்டு எனக்கு வெளங்குது.” மாமி வெட்கப்பட்டுப் போனார். ஆனாலும் ஒழுங்கை விடவில்லை. உங்களை இந்த நிலையில் விட்டுவிட்டா என்று இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தான் எழும்பினார்.

நோயாளி வீட்டில் அவ்வளவு அடக்கமாக இருந்த மனுசியைக் கடலில் பார்க்கவேண்டும். அலை வந்து உடையும் இடத்தில் உடுத்த உடுப்போடு கால் நீட்டி உட்கார்வார். அலை வந்து அவரைப் புரட்டிப் போடும். எழும்பி, முக்காட்டைச் சரிசெய்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்து, “வா, இன்னொருக்கா வா,” என்று கடலைக் கூப்பிடுவார். வாய்க்குள் போன உப்புத்தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரிப்பார். பெரிய சிரிப்பு அது, வண்ணாத்திவில்லில் நாங்கள் ஒரு நாளும் கேட்காத சிரிப்பு. உம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து விழுத்துவார். வாப்பாவுக்கு மணல் எறிவார். மீன் பொரியலில் மணல் விழுந்தால், “இதுதான் ருசி” என்று அதோடு சாப்பிடுவார். நாங்கள் பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி அவரைச் சுற்றி ஓடுவோம்.

அப்படி மாம்புரியில் ஒரு நாள் கடற்படைக்காரர் ஒருவர் கரையால் நடந்து வந்தார். யுத்தம் முடிந்த புதிது. எங்களைப் பார்த்து நின்று, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்ட, காதோரம் ஒரு பாசி தொங்க, மாமி எழும்பி நின்று மரியாதையாகச் சொன்னார்: “லெடெக் பலன்ன ஆவா.” நோயாளியைப் பார்க்க வந்தோம்.

அவர் பந்தைப் பார்த்தார், மீன் சட்டியைப் பார்த்தார். “கோ லெடா?” நோயாளி எங்கே என்று கேட்டார்.

மாமி தென்னந்தோட்டத்து வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அந்தத் திசையில் முதலில் தெரிந்தது, நாங்கள் கழுத்துவரை மணலில் புதைத்து வைத்திருந்த மாமா. நித்திரையில் அவர் வாய் திறந்திருந்தது. கடற்படைக்காரர் சிறிது நேரம் அவரைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கப் போனார்.

கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலமும் அதுதான். பெரிய பட்டமொன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பலகையில் ஏறித் தண்ணீர்மேல் ஓடுவார்கள். மாமி அவர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உம்மாவிடம் மெல்லக் கேட்டார்: “இவ்வளவு தூரம் வந்திரிக்காங்களே, இவங்களுக்கு இஞ்ச யாருக்கு சுகமில்லையாம்?”

உம்மா அன்று சிரித்துச் சிரித்துக் களைத்து, கடைசியில் கேட்டே விட்டார். “ஏன் மச்சி, நாங்களும் சும்மா வந்தா என்ன? கடல் என்ன கேள்வியா கேக்கப் போகுது?”

மாமி முக்காட்டைப் பிழிந்துகொண்டே பதில் சொன்னார். குரலில் அழுகை ஒன்றும் இல்லை. “ஒரு தரம் காரணமில்லாம வீட்ட விட்டு இறங்கினம். உடனே போ எண்டாங்க. ஏன் எண்டு நான் கேட்டன். ஒருத்தனும் சொல்லல்ல. அண்டைக்கு நினைச்சன், இனி என்ட படிய விட்டு இறங்கினா எனக்கு ஒரு காரணம் தெரிஞ்சிரிக்கணும் எண்டு.” பிறகு, “புள்ளையள் எங்க, அலைக்குள்ள போகுதுகள்,” என்று எழும்பி ஓடிவிட்டார். எனக்கு அப்போது பாதிதான் விளங்கியது. தொண்ணூறில் புலிகள் வடக்கிலிருந்த எங்கள் முஸ்லிம் ஆட்களை ஊரை விட்டுப் போகச் சொன்ன கதையை அதற்கு முன் எத்தனையோ பேர் அழுதழுது சொல்லக் கேட்டிருக்கிறேன். மாமி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இனி அந்தப் பெரிய பயணம். ஆலங்குடாச் சினேகிதி கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் பிசகிக் கட்டுப் போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. மாமி நெஞ்சில் கை வைத்தார். கால் பிசகல் என்றால் ஒரு நாளில் விசாரித்து முடிக்கக்கூடிய வருத்தமா? ஒரு இரவு தங்குவது என்று முடிவானது. வாப்பா தோட்ட வேலை முடியட்டும் என்று பயணத்தைத் தள்ளிக்கொண்டே போனார். எனக்குப் பரீட்சை முடிந்திருந்தது. கடலோரத்தில் ஒரு இரவு தங்குவது எங்கள் ஆயுளில் அதுதான் முதல் தடவை. என் தம்பி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினான்.

ஒரு வழியாகப் புறப்பட்டோம். பாலாவிச் சந்தியில் தேத்தண்ணீருக்கு நின்றோம். அதுதான் பிழையாகிப் போனது. கடையில் முட்டை வாங்கிக்கொண்டு நின்றவர் அந்தச் சினேகிதியின் மகன். எங்களைக் கண்டதும் ஸலாம் சொல்லி ஓடிவந்தார்.

“உம்மாட கால் எப்பிடி மகன்?” என்றார் மாமி.

“நல்ல சுகம் மாமி. கட்டு அவுத்து ஒரு கிழமயாகுது. இப்ப ஓடித் திரியிறா. பக்கத்து வீட்டுல கலியாணம், வட்டிலப்பம் அவிக்கிறது முழுக்க உம்மாதான். அதுக்குத்தான் இந்த முட்டையும்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் மாமி. அவ்வளவு சோகமான அல்ஹம்துலில்லாஹ்வை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு வாப்பாவைப் பார்த்தார். “தம்பி, வேனத் திருப்பு.”

உம்மா தடுத்துப் பார்த்தார். “சுகமாகினது சந்தோசம்தானே மச்சி, அதச் சொல்லிட்டு வருவமே.”

“நிய்யத்து வெச்சது வருத்தம் பாக்க. கலியாண வீட்டுக்கு எங்களுக்கு அழைப்பில்ல. ஆக்கள் சுகமா இரிக்கிற ஊருக்கு நாங்க என்னத்துக்கு?”

தம்பி ஓவென்று அழத் தொடங்கினான். நான் அழவில்லை என்று சொல்லமாட்டேன். மாமியின் மகள், பெரிய பெண், கல்யாண வயதில் இருந்தவள், அவளும் கண்ணைத் துடைத்தாள். அப்போது மாமா தொலைபேசியை எடுத்தார். “பொறுங்க. இவ்வளவு பெரிய கரையோரத்துல ஒரு நோயாளி இல்லாமலா போவான்?”

முதலில் மாம்புரிக்கு எடுத்தார். நானாவின் மூட்டுவலி எங்கேயோ போயிருந்தது, வெங்காயப் பாத்திக்குள் நின்று மூச்சிரைக்கக் கதைத்தார். உடப்பில் கருவாட்டு யாவாரம் செய்யும் அண்ணனுக்கு எடுத்தார். அவருக்குக் கண் ஒப்பரேசன் செய்து, இப்போது எறும்பு ஊர்வதும் தெரிகிறதாம். “வீட்டுல வேற யாருக்கும் ஒண்டுமில்லையா? ஒரு தடிமன் தும்மலாவது?” என்று மாமா கெஞ்சினார். “கடவுள் புண்ணியத்தில எல்லாரும் நல்லாருக்கம்,” என்றார் அவர். சிலாபத்தில் பித்தப்பைக் கல்லை வெளியே எடுத்து ஒரு போத்தலில் போட்டு வைத்திருந்தார்கள், வந்தால் பார்க்கலாம் என்றார்கள். மாமி அதைக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, “கல்லப் பாக்கிறது நோயாளியப் பாக்கிறதாகாது,” என்று தலையாட்டினார். கரை முழுவதும் தேடியும் எங்களுக்கு ஒரு காய்ச்சல் கிடைக்கவில்லை. அன்று சுகமாக இருந்த எல்லார் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

இதையெல்லாம் முட்டைத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மகன். மெல்ல ஒதுங்கிப் போய்த் தன் வீட்டுக்குக் கதைத்தார். திரும்பி வந்தபோது முகத்தை மிகவும் கவலையாக வைத்திருந்தார்.

“மாமி, உம்மாவோட கதைச்சன். அவவுக்குத் திரும்பவும் சுகமில்லாமப் போச்சாம்.”

“எப்ப?”

“இப்பதான்.”

மாமி வாய் திறப்பதற்குள் வாப்பா வேனைக் கிளப்பிவிட்டார்.

ஆலங்குடாவில் பக்கத்து வீட்டுப் பந்தலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. இந்த வீட்டுக்குள் சினேகிதி கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தார். நெற்றி முழுக்கத் தைலம். தைலத்தையும் மீறி ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் மணத்தன. எங்களைக் கண்டதும், “யா அல்லாஹ்,” என்று முனகினார். மாமி பக்கத்தில் உட்கார்ந்து, நோயாளியின் கையைப் பிடிப்பதற்காகப் போர்வையை விலக்கினார்.

இரண்டு கையிலும் மருதோண்டி. இன்னும் காயாத மருதோண்டி.

மாமி பொய் சொல்லமாட்டார் என்று சொன்னேன். மற்றவர் சொல்லும் பொய்யை அவர் என்ன செய்வார் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. வேன் திரும்பப் போகிறது என்றே நினைத்தேன். மாமி அந்தக் கையை நன்றாகப் பார்த்தார். மருதோண்டி அழியாமல் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணை மூடி, நோயாளிக்கு ஓதவேண்டியதை முழுவதும் ஓதி, நெற்றியில் ஊதினார்.

“வருத்தம் கடுமதான்,” என்றார்.

“ஓம்,” என்றார் சினேகிதி. “வந்தது வந்திட்டீங்க, கடலையும் பாத்திட்டுப் போங்க.”

“சேச்சே, உன்னை இந்த நிலமையில விட்டுட்டா?”

“ரெண்டாவதையும் கெதியாச் சொல்லு, பொழுது போகுது.”

மாமி சிரித்துவிட்டார். நோயாளி வீட்டுக்குள் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவதையும் சொன்னார். பிறகு நோயாளியும் போர்வையை உதறிவிட்டு எங்களோடு கடலுக்கு வந்தார்.

அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். இரண்டு பேரும் அலையடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சினேகிதி மருதோண்டியில் உப்புத்தண்ணீர் படாமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். அலை வந்தால் கையைத் தூக்கினபடியே உருளுவார். மாமி அவரைக் கக்கத்தில் பிடித்து நிமிர்த்தி வைப்பார்.

“இதுக்கு முதல் எத்தின தரம் இப்பிடிப் படுத்த?” என்று கேட்டார் மாமி.

“முதல் காய்ச்சல் உண்ம.”

“அதுக்குப் பிறகு?”

“உன்ட புள்ளையளுக்கு லீவு வந்தா எனக்குக் காய்ச்சல் வரும். என்ன செய்யிற? கூப்பிட்டா வரமாட்டியே.”

மாமி முகத்து உப்புத்தண்ணீரை வழித்துவிட்டார். “மாம்புரிக் காலும் அப்பிடியா?”

“அது உண்மையான கால்.”

“நல்லம்,” என்றார் மாமி. “நான் வந்தது வருத்தம் பாக்கத்தான். பொய் உன்ட கணக்கு.” அடுத்த அலை வந்து இரண்டு பேரையும் சேர்த்துப் புரட்டியது.

சந்தியில் வேனைத் திருப்பவிடாத அந்த மகனுக்கே மாமி தன் மகளைக் கொடுத்தார். “மாப்பிள்ளையும் கடலோரத்துல தானா?” என்று மாமா கேட்டார். மாமி காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். கஜுத் தோட்டத்தை வாப்பாவிடம் விட்டுவிட்டு மாமாவும் மாமியும் மகளோடு ஆலங்குடாவுக்கே போய்விட்டார்கள். நான் கல்யாணம் முடித்துப் புத்தளம் டவுனுக்கு வந்தேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்கு விடுமுறை வந்தால் மாமியின் தொலைபேசியும் வரும்.

“எனக்குக் கொஞ்சம் சுகமில்ல, பாக்க வாங்க.”

பொய் சொல்லமாட்டாரே, அதனால் உண்மையான வருத்தம் ஒன்றைத் தேடித்தான் வைத்திருப்பார். ஒரு முறை சின்ன விரலில் மீன் முள் குத்தியிருந்தது. ஒரு முறை இடது காதில் கடி. இன்னொரு முறை, “நேத்து மூண்டு தரம் தும்மிட்டன்,” என்றார். நாங்கள் மோல்ட் டின்னும் முந்திரிகையும் வாங்கி, கிடக்கட்டும் பையையும் கட்டிக்கொண்டு போவோம். நோயாளி, வீட்டுக்குப் போகும் சிறு தெருவான ஒழுங்கை முனையில் நின்று கையசைப்பார், எங்களுக்கு முன்னால் கடலுக்கு ஓடுவார்.

கடைசியாக ஒரு முறை, “இந்த முற கொஞ்சம் சுகமில்லதான்,” என்றார். நானும் என் கணவரும் சிரித்தோம். ஒழுங்கை முனையில் அவர் இல்லை. உள்ளே போனால் கட்டிலில் கிடந்தார். போர்வையை விலக்கிக் கையைப் பிடித்தேன். இரண்டு கையிலும் மருதோண்டி, செக்கச் செவேலென்று புது மருதோண்டி. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லமுடியாது. “கள்ளி மாமி,” என்று கட்டிப்பிடித்தேன். அவரும் சிரித்தார்.

“வந்தது வந்திட்டீங்க, கடலையும் பாத்திட்டுப் போங்க.”

நான் இரண்டு தடவை மறுத்தேன். அவர் மூன்றாவது தடவையும் சொன்னார். “நீங்களும் வாங்க” என்று பிள்ளைகள் இழுத்தார்கள். “கையப் பாருங்க. உப்புத்தண்ணி பட்டா மருதோண்டிக்குக் கூடாது,” என்றார். நாங்கள் போனோம். நல்ல அலை. பிள்ளைகள் தொண்டை வற்றும்வரை கத்தினார்கள். அந்தச் சத்தம் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அந்த மாதம் முடியுமுன் மாமி மௌத்தாகிவிட்டார்.

ஜனாஸாவை எடுத்துக்கொண்டு ஆண்கள் அடக்கம் செய்யப் போன பிறகு மாமியின் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாமி அப்போதே கையைத் தூக்க முடியாத நிலையில்தான் இருந்தாராம். டொக்டரும் சொல்லிவிட்டாராம். “நீங்க வாறதுக்கு முதல் நாள் உம்மாதான் சொன்னா,” என்றாள். “‘நாளைக்குப் புள்ளையள் வருது. கையில மருதோண்டி வெச்சு விடு, அப்பதான் சிரிச்சிட்டுக் கடலுக்குப் போகுங்கள்’ எண்டா. நான்தான் கையப் பிடிச்சு வெச்சு விட்டன்.”

சுகமில்லை என்று மாமி உண்மையைத்தான் சொல்லியிருந்தார். கடைசிவரை அவர் ஒரு பொய் சொல்லவில்லை. நான் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, கையைத் தூக்கினபடி அலையில் உருண்ட சினேகிதியின் ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. இரண்டையும் நிறுத்த முடியவில்லை.

அந்தச் சினேகிதியே அப்போது அறைக்குள்ளிருந்து வந்தார். கண் வீங்கியிருந்தது. வாசற்படியில் ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்ற என் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வந்தது வந்திட்டீங்க,” என்றார். “கடலையும் பாத்திட்டுப் போங்க.”

“சேச்சே, இண்டைக்கா?” என்றேன்.

“ரெண்டாவதையும் சொல்லிரு புள்ள. பொழுது போகுது.”

சொன்னேன்.